கால்பேக் பதிவதா, இணைப்புக்கு ஒரு த்ரெட் வைப்பதா?

கிண்டிவாசி: கிண்டி தொழிற்பேட்டையில் உள்ள ஒரு தொழிற்கூடத்தின் மின்மானிகளிலிருந்து டிசிபி பிணைய இணைப்பு வழியாக அளவீடுகளை வாங்கிச் சேமித்து, தேவைப்படும்போது அவற்றுக்குக் கட்டளைகளையும் அனுப்பும் சர்வர் ஒன்றை லினக்ஸில் சி மொழியில் எழுதுகிறேன். இணைப்புகள் இருநூறைத் தாண்டா. ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் (இணைப்பின் முனைக்கும்) உள்ளீட்டுக்கு ஒன்று, வெளியீட்டுக்கு ஒன்று எனக் கால்பேக்குகளை, அதாவது நிகழ்வு நேரும்போது அழைக்கப்படும் செயற்கூறுகளைப் பதிந்து, எந்தச் சாக்கெட் தயார் என்று லினக்ஸ் கர்னல் சொல்லும் ஈபோல் வசதியைக் கொண்ட லூப் ஒன்றில் ஓட்ட எண்ணியுள்ளேன். உடன் பணிபுரிபவர், இணைப்புக்கு ஒரு த்ரெட் (தனியே ஓடும் நிரலோட்டம்) வைத்தாலே போதும் என்கிறார். உங்கள் கருத்து என்ன?

பெரம்பூரான்: அவர் சொல்வதே சரி. 1999-இல் டான் கெகல் என்ற நிரலர் ஒரே சர்வர் பத்தாயிரம் இணைப்புகளைத் தாங்குவது பற்றி எழுதியதிலிருந்து த்ரெட் என்றாலே அஞ்சுகிறார்கள். உங்களிடம் இருப்பதோ இருநூறு. த்ரெட் ஒன்றுக்கு 8 எம்பி ஸ்டாக் (செயற்கூறுகளின் தற்காலிக நினைவகம்) என்பது பெரும்பாலும் ஒதுக்கப்பட்ட முகவரிவெளி மட்டுமே, தொட்ட பக்கங்கள்தாம் நினைவகத்தை எடுக்கும். மேலிருந்து கீழாக வாசிக்கத்தக்க நிரலை விட்டுவிட்டு, பாதி வந்த செய்தியை எந்த நிலையில் நிறுத்தினோம் என்று ஒரு ஸ்ட்ரக்டில் குறித்துவைக்கும் வேலையை ஏன் இழுத்துக்கொள்ள வேண்டும்?

தரமணி நிரலர்: நினைவகம் இங்கே காரணமே அல்ல, நண்பரே. ரீட் அழைப்பில் காத்திருக்கும் த்ரெட்டின் மின்மானிக்குக் கட்டளை அனுப்ப வேண்டுமானால், வேறொரு த்ரெட் அதே சாக்கெட்டில் எழுத வேண்டும். அதற்கு லாக் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் விடும் பூட்டு) வேண்டும். மறுமுனை வாங்காமல் நின்றுவிட்டால் லாக்கைப் பிடித்தபடியே அதுவும் நிற்கும். ஒரே லூப்பில் இந்தச் சிக்கல் எழுவதில்லை.

ஆனால் கேட்டவர் சொன்னபடி இரண்டு கால்பேக்குகளையும் தொடக்கத்திலேயே பதிந்துவிடக் கூடாது. சாக்கெட்டின் அனுப்பு பஃபரில் (அனுப்ப வேண்டியவை காத்திருக்கும் இடத்தில்) பெரும்பாலும் இடம் இருந்துகொண்டேயிருக்கும் என்பதால், தயார்நிலை நீடிக்கும்வரை திரும்பத் திரும்பச் சொல்லும் ஈபோலின் இயல்பான லெவல் ட்ரிகர் முறையில் வெளியீட்டு கால்பேக் ஓயாமல் அழைக்கப்பட்டு, அனுப்ப ஒன்றுமே இல்லாத வேளையிலும் ஒரு சிபியு கோர் முழுவதையும் தின்றுவிடும். முதலில் நேரடியாக எழுதிப் பாருங்கள்; கர்னல் ஒரு பகுதியை மட்டும் ஏற்றாலோ, இடமில்லை என்று ஈஅகெய்ன் பிழையைத் திருப்பினாலோ, மீதியை உங்கள் பஃபரில் வைத்துக்கொண்டு அப்போது வெளியீட்டு கால்பேக்கைப் பதியுங்கள்; அது தீர்ந்தவுடன் பதிவை நீக்குங்கள். உள்ளீட்டுப் பதிவு மட்டும் நிலையாக இருக்கட்டும்.

பெரம்பூரான்: பதிவதும் நீக்குவதுமே ஒரு தனி வேலையாகிவிட்டதைக் கவனித்தீர்களா? இன்னும் இரண்டு சிக்கல்கள் உள்ளன. நிகழ்வுகளைக் கேட்டு வாங்கும் ஈபோல் வெயிட் ஒரே அழைப்பில் பல நிகழ்வுகளைத் தரும். முதல் நிகழ்வின் கால்பேக் வேறோர் இணைப்பை மூடி அதன் நினைவகத்தை விடுவித்துவிட்டால், அதே தொகுதியில் அடுத்து வரும் நிகழ்வு, விடுவிக்கப்பட்ட நினைவகத்தைச் சுட்டும் செத்த பாயிண்டரைத் தரும். அடுத்தது சேமிப்பு. சாதாரணக் கோப்புகளை ஈபோல் ஏற்காது, ஈபெர்ம் (அனுமதியில்லை) பிழைதான் கிடைக்கும். ஆகவே வட்டில் எழுதும் நேரத்தில் லூப் முழுவதும் நிற்கும். இத்தகைய லூப்பை ஓட்டித் தரும் லிபுவி நூலகமே கோப்பு வேலைகளுக்கு, இயல்பாக நான்கு த்ரெட்டுகள் கொண்ட தொகுப்பைத்தானே வைத்திருக்கிறது?

தரமணி நிரலர்: கோப்பு பற்றிச் சொன்னது உண்மை, சேமிப்புக்கு மட்டும் ஒரு த்ரெட்டைத் தனியே வைக்கலாம். பாயிண்டருக்கும் வழி உண்டு: தொகுதி முடியும் வரை விடுவிக்காமல், மூடப்பட்டது என்று குறித்துவைத்தால் போதும்.

மயிலை: கோ மொழியில் எழுதினால் இந்த வாதமே எழாது. நிரல் த்ரெட்டைப் போல நேராக இருக்கும். அடியில் ஈபோலை அதன் ரன்டைம் (நிரலுடன் சேர்ந்து ஓடும் மொழியின் பகுதி) பார்த்துக்கொள்ளும்.

கிண்டிவாசி: சி மொழி வாடிக்கையாளரின் நிபந்தனை. முன்பே சொல்லியிருக்க வேண்டிய ஒன்று: இவை மோட்பஸ் டிசிபி (தொழிற்கருவிகளுக்கான தொடர்பு நெறி) மானிகள், நாம் கேட்டால்தான் விடை தரும், தாமாக எதையும் அனுப்புவதில்லை.

பெரம்பூரான்: அப்படியானால் தீர்ந்தது. கேள், விடையை வாங்கு, அடுத்ததைக் கேள். அதே த்ரெட்டே கட்டளையையும் தன் முறை வரும்போது அனுப்பும்; சாக்கெட்டுக்குக் காலவரம்பு வைத்துவிட்டால் லாக்கும் வேண்டாம்.

தரமணி நிரலர்: விடை தராத மானிக்கு மூன்று நொடி வரம்பு வைத்தால், மின்னிணைப்பைத் துண்டிக்கும் கட்டளையும் அந்த மூன்று நொடி வரிசையில் நிற்கும். அடுத்த கேள்விவரை த்ரெட் உறங்கினால் அந்த இடைவெளியும் சேரும். அதைத் தவிர்க்க, ஒவ்வொரு த்ரெட்டும் தன் சாக்கெட்டையும் கட்டளை வந்ததை அறிவிக்கும் ஒரு ஈவென்ட்எஃப்டியையும் சேர்த்து போல் (poll) அழைப்பில் கவனிக்க வேண்டும். அப்போது நீங்கள் எழுதுவது ஒரு லூப் அல்ல, இருநூறு சிறு லூப்புகள்.