ரூட்டரில் யாரும் உருவாக்காத ஒரு கணக்கு

2023 அக்டோபர் 17, செவ்வாய்க்கிழமை. விடிந்ததும் மேலாளரின் அழைப்பு. முந்தைய நாள்தான் சிஸ்கோ தன் ரூட்டர்களை இயக்கும் ஐஓஎஸ் எக்ஸ்இ மென்பொருளில் இருந்த ஓட்டையை அறிவித்திருந்தது. தீவிரம் 10-க்கு 10. ரூட்டரை நிர்வகிக்கும் வெப் பக்கம் இணையத்தில் திறந்திருந்தால் போதும், கடவுச்சொல்லே இல்லாமல் வெளியாள் ஒருவர் லெவல் 15 கணக்கை உருவாக்கிக்கொள்ளலாம். அந்தப் பெட்டியின் பயனர் கணக்குகளில் அதற்கு மேல் அதிகாரம் உள்ளது கிடையாது. சரிசெய்யும் பதிப்பும் அன்று வந்திருக்கவில்லை.

எங்கள் வாடிக்கையாளர் ஒருவருக்கு 14 கிளைகள். எல்லாவற்றையும் எஸ்எஸ்எச் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் பாதுகாப்பான தொலை இணைப்பு) வழியாகத்தான் பார்ப்போம், வெப் பக்கத்தை யாரும் தொட்டதில்லை. ஆனால் மூன்று கிளைகளில் அது வெளியே திறந்தே கிடந்தது. அமைத்த நாளில் மூடாமல் விட்டது நாங்கள்தான்.

நான் உள்ளே நுழைவதற்குள், ஒரு கிளையில் இருந்த தம்பி பதற்றத்தில் ரூட்டரை அணைத்துப் போட்டுவிட்டார். அப்புறம் சோதித்தோம். வெப் பக்கத்துக்கு ஒரு குறிப்பிட்ட கோரிக்கையை அனுப்பினால், தாக்கியவர்கள் வைத்த நிரல் உயிரோடு இருந்தால் எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு சரம் திரும்பி வரும். எதுவும் வரவில்லை. "சரி, தப்பித்தோம்" என்று வாடிக்கையாளரிடம் சொல்லவும் சொல்லிவிட்டேன்.

மதியம் ஏனோ மனசு கேட்கவில்லை. ரன்னிங் கான்ஃபிகில், அதாவது ரூட்டர் அப்போது இயங்கும் அமைப்புகளின் பட்டியலில், யூசர்நேம் வரிகளை மட்டும் எடுத்துப் பார்த்தேன். 'சிஸ்கோ சப்போர்ட்' என்ற பெயரில் ஒரு கணக்கு, லெவல் 15. நாங்கள் யாரும் உருவாக்கியது அல்ல. ரூட்டரை அணைத்துப் போட்டால் அந்த நிரல் போய்விடும், கணக்கு போகாது. நினைவகத்தில் இருந்திருக்கக்கூடிய தடயமும் அதோடு போய்விட்டது. உள்ளே வந்தவர் என்ன செய்தார் என்று வாடிக்கையாளர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

வெப் பக்கத்தை வழங்கும் எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் இரண்டு சர்வர்களையும் நிறுத்தினோம். பழைய பேக்கப்போடு கான்ஃபிகை வரிவரியாக ஒப்பிட்டோம். விபிஎன் சாவி, எஸ்என்எம்பி சரம் (கருவியைக் கண்காணிக்கப் பயன்படும் கடவுச்சொல் போன்றது), கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் மாற்றினோம். புதிய பதிப்பு வந்ததும் ஆயுத பூஜை விடுமுறையில் கிளைகள் பூட்டியிருந்த நேரம் பார்த்து ஏற்றினோம்.

---

இதற்கு வேறொருவரின் பின்னூட்டம்: அண்ணா, எங்களை ஏமாற்றியது அந்த வார இறுதி. உலகம் முழுக்கப் பல்லாயிரமாக இருந்த பாதிப்பு எண்ணிக்கை திடீரென்று சில நூறாக விழுந்தது. எங்கள் சந்தேகப் பட்டியலும் காலியானது, நிம்மதியாகத் தூங்கினோம். உண்மையில் தாக்கியவர்கள் நிரலை மாற்றியிருந்தார்கள், குறிப்பிட்ட ஒரு ஹெடர் (கோரிக்கையோடு போகும் கூடுதல் வரி) கோரிக்கையில் இருந்தால்தான் அது பதில் சொல்லும். நெதர்லாந்தின் பாதுகாப்பு நிறுவனமான ஃபாக்ஸ்-ஐடி வேறு வழியில் தேடியபோது 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கருவிகள் மறுபடி தென்பட்டன. எங்களுடையதில் ஒன்று அதில் இருந்தது.

---

இன்னொரு பின்னூட்டம்: 2023-ஓடு முடிந்த விஷயம் என்று நினைக்காதீர்கள். 2025 பிப்ரவரியில் கனடாவின் தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்றின் மூன்று கருவிகளில் இதே ஓட்டை வழியாகப் புகுந்து, குறைந்தது ஒன்றில் ஜிஆர்இ சுரங்கம் (தரவை இன்னொரு இடத்துக்கு எடுத்துச் செல்லும் இணைப்பு) அமைத்து, தரவுப் போக்குவரத்தைத் திரட்ட வழி செய்திருக்கிறார்கள். அதே ஆண்டு அக்டோபர் கடைசியில்கூட ஆஸ்திரேலியாவில் 150-க்கும் மேற்பட்ட கருவிகளில் அந்த நிரல் இருந்ததாக அந்நாட்டு சைபர் அமைப்பு சொன்னது. அணைத்துப் போட்டு நிரலைப் போக்கிய கருவிகளில், பதிப்பை மாற்றாததால் திரும்பவும் ஏற்றிவிட்டார்களாம். போன மாதம் புதிதாக எங்கள் கைக்கு வந்த ஒரு ரூட்டரில் பதிப்பு 17.6, வெப் பக்கம் திறந்திருந்தது. முதல் வேலையாக யூசர்நேம் வரிகளைத்தான் பார்த்தேன்.