புதுப்பிப்பு: சின்ன லித்தியம் செல் சூடானது, காரணம் கிடைத்தது
டிபி4056 என்ற லித்தியம் சார்ஜ் போர்டில் போட்டால் 150 எம்ஏஎச் (கொள்ளளவு) செல் கை வைக்க முடியாதபடி சூடாகிறதே என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. கேபிள், அடாப்டர் இரண்டையும் மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. “போர்டில் உள்ள ரெசிஸ்டரைப் பாருங்கள்” என்றவர் சொன்னதுதான் சரி. மிளகில் பாதிகூட இல்லாத அந்தத் துணுக்கில் 122 என்றிருந்தது, அதாவது 1.2 கிலோ ஓம். சார்ஜ் கரண்ட் எவ்வளவு என்பதை இந்த ரெசிஸ்டர்தான் தீர்மானிக்கிறது; 1.2 கிலோ ஓமுக்கு 1 ஆம்பியர். பாவம், இந்தச் செல் தாங்குமா? எடுத்துவிட்டு 10 கிலோ ஓம் பற்றவைத்தேன். இப்போது சுமார் 130 மில்லி ஆம்பியர், சூடே இல்லை.

அப்புறம் ஒரு கூத்து: சார்ஜ் முடிந்ததைக் காட்ட சிவப்பு விளக்கு நீலமாக மாற வேண்டும், மாறவே இல்லை. கரண்ட் பத்தில் ஒரு பங்குக்கு, அதாவது 13 மில்லி ஆம்பியருக்கு இறங்கினால்தான் சார்ஜ் நிற்கும். செல்லோடு இணைந்திருந்த, நான் அணைக்க மறந்த ரேடியோவே 20 மில்லி ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தது. அணைத்த கொஞ்ச நேரத்தில் நீலம் வந்துவிட்டது.