கார் ‘ஸ்ராட் வரேல்லை’: ஒரு சொல்லா, இரண்டு சொல்லா?

வணக்கம்.

கார் ஸ்ராட் வராத நிலைக்குத் தமிழில் ‘தொடங்காமை’ என்று முன்மொழிந்த அண்ணருக்கு நன்றி, ஆனால் எனக்கு உடன்பாடில்லை. தமிழில் பிழையில்லை, இரண்டு வேறு நோய்க்கு ஒரே பெயர் வைத்துவிடுகிறது என்பதுதான் என் முறைப்பாடு.

போன மாரியில் ஒருநாள் காலை, யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் பழைய கொரோலா கார் மக்கர் பண்ணியது. கராச்சுக்காரருக்குப் போன் எடுத்தேன். என்ன மொடல், எத்தனையாம் ஆண்டு என்று ஒன்றும் விசாரிக்கவில்லை, "ஸ்ராட்டர் அடிக்குதோ, அடிக்கேல்லையோ?" என்று மட்டும் கேட்டார், அதாவது எஞ்சினைச் சுழற்றிவிடுகிற மோட்டர் வேலை செய்கிறதா என்று. அடிக்கவில்லை என்றதும் பெற்றோல், பிளக், பம்ப் எல்லாம் அவர் கணக்கிலிருந்து கழன்றுவிட்டன, மிச்சம் பற்றறி, வயர், ஸ்ராட்டர், திறப்புப் பக்கம் மட்டும். லைட்டைப் போட்டுக்கொண்டு திறப்பைத் திருப்பச் சொன்னார். திருப்பியதும் லைட் அடியோடு செத்தது, விட்டதும் திரும்ப வந்தது. பற்றறியின் ஈயக் கம்பங்களில் மீற்றரை வைத்தால் 12.5 வோல்ற்று, திருப்பும்போதும் அசையவில்லை. பற்றறி நல்லது, அப்படியானால் மின் எங்கே தடைப்படுகிறது? மீற்றரின் ஒரு முனையைக் கம்பத்திலும் மற்றதை அதைக் கவ்வியிருக்கிற பிடியிலும் வைத்துத் திருப்பினால் அந்த இடைவெளியிலேயே வோல்ற்று முழுவதும் நிற்கிறது. வெள்ளையாய்ப் பூத்துக் கிடந்தது. வயரைக் கழற்றி, அப்பச்சோடா கரைத்த சுடுதண்ணீரால் கழுவி, சுரண்டிப் பூட்ட ஒரே அடியில் பிடித்தது.

அந்த ஒரு கேள்வியைச் சுமக்கிற சொற்கள்தான் நமக்கு வேண்டும். என் முன்மொழிவு: எஞ்சின் சுழலவே இல்லை என்றால் ‘சுற்றாமை’, சுழன்றும் எரியவில்லை என்றால் ‘பற்றாமை’.

இரண்டாவதற்கு நல்ல உதாரணம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் பெற்றோல் கிடையாது, பழைய ஒஸ்ரின் ஏ40 கார்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. முன்னால் கம்பியைப் போட்டுக் கையால் எவ்வளவு சுற்றினாலும் குளிர்ந்த எஞ்சின் பிடிக்காது. சுற்றுவது குறையில்லை. மண்ணெண்ணெய் தீப்பிடிக்கிற அளவு ஆவி விட 38 பாகை செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும், பெற்றோலுக்கு உறைபனிக்குக் கீழே 40 பாகையிலும் அது போதுமளவு வரும். அதனால் காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். ஒளித்து வைத்த ஒரு போத்தல் பெற்றோல் அப்போது பொன். இப்போதைய காரில் பற்றாமை என்றால், திறப்பை ஸ்ராட்டுக்கு முந்தின ‘ஓன்’ நிலைக்குத் திருப்பியதும் பின்பக்கத்தில் பம்ப் இரண்டு விநாடி முனகுகிறதா, பிளக்கில் பொறி வருகிறதா என்று பார்க்கத் தொடங்கலாம்.

இனி மறுப்புகள். ‘பற்றாமை’ என்றால் போதாமை என்று வாசிப்பார்கள் என்று அக்கா ஒருவர் எழுதியிருந்தார், நியாயம்தான். "பற்றறி பற்றாததால் பற்றாமை" என்ற வாக்கியத்தை நினைத்துச் சிரித்தும்விட்டேன். ஆனால் அடுப்பு பத்தேல்லை என்று நாங்கள் சொல்வதில் யாருக்கும் குழப்பம் வருவதில்லையே. குழப்பம் தோன்றுகிற இடத்தில் ‘எரிபற்றாமை’ என்று எழுதிக்கொள்வோம்.

மற்ற முன்மொழிவுகளில் ‘முடுக்காமை’யை நான் ஏற்கமாட்டேன். தமிழகத்தார் முடுக்கம் என்றால் நாங்கள் ஆர்முடுகல் (acceleration) என்று படித்ததை நினைப்பார்கள், எங்களுக்கோ அது ஆணியை இறுக்குகிற வேலை. கிராங்குக்கு ‘வணரி’ அழகான சொல், வளைந்த தண்டுக்கு வணர் என்ற வேர் சரியாகவே பொருந்துகிறது, அது அந்தத் தண்டின் பெயராகவே இருக்கட்டும். வணராமை என்று கராச்சில் போய்ச் சொன்னால் தேத்தண்ணி தந்து அனுப்பிவிடுவார்கள்.

ஒன்று மட்டும் எனக்கு அகப்படவில்லை. திறப்பைத் திருப்ப ‘டிக் டிக் டிக்’ என்று சத்தம் மட்டும் வந்து நிற்கிற நிலை. பெரும்பாலும் பற்றறி இறங்கினால் இப்படி, ஸ்ராட்டரின் பல் எஞ்சினைக் கவ்வி விடுகிற அளவுக்கு வலு இருக்கும், சுற்றுகிற அளவுக்கு இராது. சுற்றாமைக்குள் அடக்கலாம்தான், ஆனால் ஒரு சத்தமும் இல்லாமல் கிடப்பதிலிருந்து அதைப் பிரிக்காவிட்டால் நோயாளியைப் பாதியில் விட்ட மாதிரி. ‘விக்கல்’ என்று வைத்தால் என்ன சொல்கிறீர்கள்?