எந்தக் கேள்விக்கு எந்த டாரட் ஸ்ப்ரெட்? செல்டிக் கிராஸ் போட்டு போட்டு தலை சுத்துது

மூடுபனி (ஹட்டன்)

வணக்கம் எல்லாருக்கும், டாரட் (படக் கார்ட் போட்டு குறி பாக்கிறது) பாக்கிற அக்காமார் அண்ணன்மார் யாரும் இருந்தா இதுக்கு ஒரு பதில் போடுங்க. கொழும்புல வேலை செய்ற எங்க அக்கா தீவாளிக்கு வரும்போது ரைடர் வெயிட் டெக் (டாரட் கார்ட் கட்டு) ஒண்ணு வாங்கிட்டு வந்து குடுத்தா, அன்னையிலருந்து இதே வேலையா இருக்கேன். கார்ட் அர்த்தம் ஓரளவுக்கு வந்துருச்சு, படத்தைப் பாத்தாலே பாதி விளங்குது, சிக்கலே ஸ்ப்ரெட்லதான், அதாவது எத்தனை கார்டை எந்தெந்த இடத்துல வைக்கிறதுங்கிறதுல. யூடியூப்ல ஒருத்தங்க மூணு கார்ட் போடுறாங்க, ஒருத்தங்க குதிரை லாட ஸ்ப்ரெட்னு ஏழு போடுறாங்க, இன்னொருத்தங்க வருசத்துக்குன்னு 12 கார்டை வட்டமா வைக்கிறாங்க. நான் எல்லாத்துக்கும் பத்து கார்டை சிலுவை மாதிரியும் பக்கத்துல ஒரு வரிசையாவும் வைக்கிற செல்டிக் கிராஸ்தான் போடுறேன், பெரிசா போட்டா எல்லாத்தையும் சொல்லும்தானேன்னு.

ஆனா சொல்றதே விளங்க மாட்டேங்குது. கூட்டாளி ஒருத்தி ஏ எல் (உயர்தர) சோதனை எழுதிட்டு ரிசல்ட் எப்படி வரும்னு கேட்டா, பத்து கார்ட்ல டெத் (சாவு) கார்டும் டவர் (இடிஞ்சு விழுற கோபுரம்) கார்டும் சேந்து வந்துருச்சு, அவ முகமே செத்துப்போச்சு, நான் என்னத்த சொல்றது. இப்ப எனக்கே ஒரு விசயம் இருக்கு. டவுன்ல ஒரு கடையில கணக்கு எழுதுறேன், கொழும்புல ஒரு கம்பனியில வரச்சொல்லி இருக்காங்க, சம்பளம் கூடத்தான், ஆனா வாடகை சாப்பாடு எல்லாம் இருக்கே, அம்மாவும் முழங்கால் வலியோட இன்னும் தேயிலைக் கொழுந்து பறிக்கத்தான் போறாங்க. போறதா இருக்கிறதான்னு செல்டிக் கிராஸ் போட்டா இந்த பத்துல பதில் எந்த கார்ட்னே தெரியல. மூணாவது இடத்தை ஒரு புக்குல தலைக்கு மேலன்னு போட்ருக்கு, இன்னொண்ணுல அது வேற ஏதோ. எது சரி?

இதுல அப்பா வேற, "பொம்பளப்புள்ள காட்ஸ் அடிக்கிறியா"ன்னு கத்துறாரு :(


கண்டி அக்கா

தங்கச்சி முதல்ல அப்பா விசயம், அவர் சொல்றது ஒரேயடியா தப்பும் இல்ல :) டாரட் 15ஆம் நூற்றாண்டுல வட இத்தாலியில காட்ஸ் விளையாட்டாத்தான் ஆரம்பிச்சது. குறி பாக்கிற பழக்கம் பரவினது 18ஆம் நூற்றாண்டு பிரான்ஸ்ல, எட்டெய்யான்னு ஒருத்தர் அதுக்குன்னே புக்கெல்லாம் போட்டார். அதனால அப்பாகிட்ட ரொம்ப வாதாடாதீங்க.

இப்ப ஸ்ப்ரெட். நீங்க ஸ்ப்ரெட்டை முதல்ல எடுத்துட்டு கேள்வியை அதுக்குள்ள திணிக்கிறீங்க, அங்கதான் குழம்புது. கேள்வியை எழுதுங்க, அதுல எனக்கு என்னென்ன தெரியணும்னு எழுதுங்க, மூணு விசயம் தெரியணும்னா மூணு கார்ட், அஞ்சுன்னா அஞ்சு, ஒவ்வொரு விசயமும் ஒரு இடம். முக்கியமா இந்த இடமெல்லாம் கார்டை கலக்கிறதுக்கு முந்தியே முடிவாகி பேப்பர்ல இருக்கணும். கார்டை திருப்பிப் பாத்துட்டு "இது தடைன்னு வச்சுக்கலாம், இது பலன்னு வச்சுக்கலாம்"னு பிரிச்சா அது ரீடிங்கே இல்ல, நம்ம ஆசைக்கு நாமளே கதை கட்டுறது, நல்ல கார்டெல்லாம் தானா பலன்ல போய் உக்காந்துக்கும்.

ஏன் இடம் இவ்வளவு முக்கியம்னா, டென் ஆஃப் ஸ்வோர்ட்ஸை எடுங்க, முதுகுல பத்து வாள் குத்தி ஒருத்தன் குப்புற கிடக்கிறானே அது. அது "நடந்து முடிஞ்சது"ங்கிற இடத்துல வந்தா நான் மூச்சு விடுவேன், அந்த கஷ்டம் முடிஞ்சு போச்சு, படத்துலயே அந்தப் பக்கம் விடியுது பாருங்க. அதே கார்ட் "இப்படியே போனா என்னாகும்"ங்கிற இடத்துல வந்தா வேற கதை. இடம் இல்லாம கார்டுக்கு மட்டும் அர்த்தம் பாத்தா எல்லாமே பயமாத்தான் தெரியும்.

மூணு கார்டுன்னா நேத்து இன்னைக்கு நாளைக்குன்னு மட்டும்தான் பலபேர் நினைக்கிறாங்க. நான் அதை அவ்வளவா போடுறதே இல்ல. நிலைமை, தடை, என்ன செய்யலாம்னு வச்சுப் பாருங்க, நாளாந்த விசயத்துல முக்காவாசி அதுலயே முடிஞ்சுரும். ரெண்டு பேர் சம்பந்தப்பட்டதுன்னா நான், அவங்க, எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கிறது.

உங்க கூட்டாளியோட கேள்வியே சரியில்ல, சோதனை எழுதி முடிஞ்சிருச்சு, பேப்பரும் திருத்தியாச்சோ என்னமோ, கார்ட் அதை மாத்தாது. ரிசல்ட் வர்ற வரைக்கும் நான் என்ன பண்ணலாம், எது என்னைப் போட்டு அரிக்குதுன்னு கேக்கச் சொல்லுங்க.

உங்களுக்கு ரெண்டு வழி ஸ்ப்ரெட் போதும். முதல் கார்ட் நீங்க இப்ப இருக்கிற நிலைமை. ஒரு பக்கம் ரெண்டு கார்ட், ஹட்டன்லயே இருந்தா எப்படி இருக்கும், அது எதுல போய் நிக்கும். மறுபக்கம் ரெண்டு, கொழும்புக்கு அதே மாதிரி. போட்டுட்டு வந்து சொல்லுங்க.


கணக்கு வாத்தி (பதுளை)

எனக்கு இதுல நம்பிக்கை கிடையாது, முதல்லயே சொல்லிர்றேன், டியூஷன் குடுக்கிற ஆள். ஆனா அந்த டெத் கார்ட் விசயத்துக்கு கணக்கு இருக்கு. டெக்ல 78 கார்ட். பயம் காட்டுற டெத், டவர், டெவில் இந்த மூணுல ஒண்ணாவது வர்ற வாய்ப்பு, பத்து கார்ட் போட்டா 34 சதவீதம், அதாவது மூணு தடவைக்கு ஒரு தடவை அவங்கள்ல ஒருத்தர் வந்து உக்காருவார். மூணே கார்ட் போட்டா அது 11 சதவீதம்தான். நீங்க எல்லா கேள்விக்கும் பத்து பத்தா போட்டா டெத் வராம இருந்தாத்தான் ஆச்சரியம். இதை அந்தப் பிள்ளைகிட்ட சொல்லுங்க, பாவம்.

இன்னொண்ணு, மேஜர் கார்ட், அதான் டெத், டவர் மாதிரி பெரிய விசயத்தைக் காட்டுறதுன்னு சொல்ற கார்ட், 22 இருக்கிறதால பத்து போட்டா சராசரியா மூணு கிட்ட மேஜர் வரத்தான் செய்யும். மூணு மேஜர் வந்துருச்சு பெரிய விதின்னு ஆடவேண்டியதில்ல.


பைன் மரம் (நுவரெலியா)

வாத்தியார் சொன்னது நல்ல கணக்கு, நம்புற ஆளுக்கும் அது தேவைதான்.

ஆனா செல்டிக் கிராஸை ஒரேயடியா தூக்கிப் போடாதீங்கப்பா. ஒருத்தர் வந்து "என்னன்னே தெரியல, எல்லாமே ஒரு மாதிரி இருக்கு"ன்னு உக்காந்தா, கேள்வியே இல்லாத ஆளுக்கு அதுதான் சரி. அதை ஒண்ணு ரெண்டுன்னு பத்து வரைக்கும் வரிசையா வாசிச்சுக்கிட்டே போனா தலைதான் சுத்தும், சோடி சோடியா வாசிங்க. நடுவுல இருக்கிறதும் அதுக்கு குறுக்க படுத்திருக்கிறதும் ஒரு சோடி, விசயமே அங்கதான். மேல கீழ ஒரு சோடி, மனசுல நினைக்கிறது ஒண்ணு, அடியில கிடக்கிறது ஒண்ணு. பின்னால முன்னால ஒரு சோடி. அப்புறம் வலப்பக்கத்து வரிசையில கீழருந்து ஏழும் எட்டும், நாம ஒரு பக்கம் வீடும் ஊரும் ஒரு பக்கம், நம்ம ஆளுங்களுக்கு சண்டையே அங்கதான் நடக்கும், நான் பாத்தவரைக்கும் எட்டாவது கார்டை தொட்டா கண்ணு கலங்காத ஆள் குறைவு. ஒம்பது ஆசையும் பயமும். பத்தாவதை தனியா எடுத்து பலன் சொல்லாதீங்க, குறுக்க கிடந்த ரெண்டாவதோட சேத்து வச்சுப் பாருங்க, அந்த தடை என்ன ஆச்சுன்னு தெரியும்.

எந்த இடம் சரின்னு கேட்டீங்க. உங்க டெக்கை உருவாக்கின வெயிட் 1910ல போட்ட புக்குல மூணு மேல, நாலு கீழ, அஞ்சு பின்னால, ஆறு முன்னால. கார்டே 1909லதான் வந்தது, படம் வரைஞ்சது பமீலா கோல்மன் ஸ்மித், அந்தம்மா பேரை பெட்டியிலயே போடாம விட்டுட்டாங்க ரொம்ப காலத்துக்கு, அது வேற கதை. பின்னால வந்தவங்க இந்த நாலையும் அவங்கவங்க இஷ்டத்துக்கு மாத்திக்கிட்டாங்க. எதையாவது ஒண்ணை புடிச்சுக்கிட்டு அதையே போடுங்க, மாத்தி மாத்தி போட்டாத்தான் குழப்பம்.

பெரிய டெக்னா கார்ட் 7 சென்டிமீட்டர் அகலம் 12 சென்டிமீட்டர் நீளம், நாலு கார்டை ஒண்ணுக்கு மேல ஒண்ணா வச்சா கிட்டத்தட்ட அரை மீட்டர் போயிரும். லயத்து வீட்ல கட்டில்மேல போட்டு தங்கச்சி வந்து உக்காந்தா எல்லாம் சரிஞ்சுரும், இதுக்காகவே சின்ன ஸ்ப்ரெட் நல்லது lol இல்ல, சிரிப்புக்கு சொல்றேன். மழை மாசத்துல கார்ட் ஈரம் புடிச்சு வளையும், ஒட்டும், ஒட்டிக்கிட்டா கலங்காது, ஒரே கார்டே திரும்பத் திரும்ப வரும், அதை சகுனம்னு நினைச்சுக்காதீங்க. சப்பாத்து பெட்டியில வர்ற அந்த ஈரம் உறிஞ்சுற சின்ன பாக்கெட்டை கார்ட் பெட்டிக்குள்ள போட்டு வைங்க. கலக்கும்போது பாயில பரப்பி ரெண்டு கையாலயும் அளைஞ்சு எடுங்க.


மூடுபனி

அக்கா போட்டேன்!! இடமெல்லாம் கொப்பியில எழுதிட்டுத்தான் போட்டேன், தலைகீழா வந்ததை நிமித்தி வச்சுட்டேன், தலைகீழ் அர்த்தம் இன்னும் எனக்கு வரல.

நிலைமை: ஃபோர் ஆஃப் கப்ஸ்
ஹட்டன்ல இருந்தா: எயிட் ஆஃப் பென்டகிள்ஸ், போய் நிக்கிறது த்ரீ ஆஃப் பென்டகிள்ஸ்
கொழும்பு போனா: டூ ஆஃப் பென்டகிள்ஸ், போய் நிக்கிறது டென் ஆஃப் வாண்ட்ஸ்

ஒரு மேஜர் கூட இல்ல. அப்ப போகாதன்னு சொல்லுதா?


கண்டி அக்கா

அவசரப்படாதீங்க. ஒவ்வொரு கார்டா போறதுக்கு முந்தி அஞ்சையும் ஒண்ணா பாருங்க. அஞ்சுல மூணு பென்டகிள்ஸ், அதாவது காசு, வேலை, கையால செய்ற விசயம். நீங்க கேட்டதும் அதுதான், அதனால கார்ட் கேள்வியோடதான் நிக்குது. மேஜர் இல்லைங்கிறதை நான் எப்படி எடுப்பேன்னா, இது தலையெழுத்தை மாத்துற முடிவு இல்ல, போய் பாத்துட்டு திரும்பி வரக்கூடிய முடிவு. (வாத்தியார் கணக்கு போட்டுட்டு வருவார், வரட்டும்.)

ஃபோர் ஆஃப் கப்ஸ்ல மரத்தடியில கைய கட்டிக்கிட்டு ஒருத்தன் உக்காந்திருக்கான், முன்னால மூணு கப், மேகத்துலருந்து ஒரு கை நாலாவதை நீட்டுது, அவன் நிமிந்து பாக்கல. கொழும்புலருந்து வந்த ஃபோன் கோலுக்கு நீங்க இன்னும் முழுசா காதே குடுக்கலையோன்னு எனக்குத் தோணுது. சம்பளம் எவ்வளவு, எத்தனை மணிக்கு விடுவாங்க, ஈபிஎஃப் (சேமலாப நிதி) இருக்கா, எல்லாம் கேட்டீங்களா?

ஹட்டன் பக்கம் எயிட்ல ஒருத்தன் தனியா உக்காந்து காசு செதுக்குறான், த்ரீல அதே மாதிரி தொழிலாளி கோயில் கட்டுற இடத்துல ரெண்டு பேரோட பேசி வேலை செய்றான். தொழில் பழகுது, ஆளுங்களுக்கு உங்களைத் தெரிய வருது. மெதுவாத்தான் போகும்.

கொழும்பு பக்கம் டூல ரெண்டு காசையும் மாத்தி மாத்தி தூக்கிப் போட்டு புடிக்கிறான், பின்னால கடல்ல கப்பல் ஆடுது. வாடகை ஒரு கை, வீட்டுக்கு அனுப்புறது ஒரு கை, அவ்வளவுதான் வேறொண்ணும் சொல்ல வேணாம். டென் ஆஃப் வாண்ட்ஸ்தான் பயமுறுத்துது உங்களை, நம்ம பக்கம் சாயங்காலம் விறகுக்கட்டு தூக்கிட்டு ஏத்தத்துல வர்ற அம்மாமாரைப் பாத்திருப்பீங்கதானே அதே மாதிரி குனிஞ்சு போறான். ஆனா அவன் விழல, ஊர் முன்னால தெரியுது. அதனால போகாதன்னு நான் வாசிக்க மாட்டேன், எல்லாத்தையும் நீ ஒருத்தியே சுமந்தா இடுப்பு ஒடியும்னு வாசிப்பேன். அக்கா கொழும்புலதானே இருக்கா? ஒரே ரூம்ல ரெண்டு பேரும் இருக்கிறதா போறதும், தனியா ரூம் எடுத்து போறதும் ஒண்ணு இல்ல. அதை அக்காகிட்ட பேசுங்க, கார்ட்கிட்ட இல்ல.


கணக்கு வாத்தி (பதுளை)

வந்துட்டேன். அஞ்சு கார்ட்ல ஒரு மேஜரும் வராத வாய்ப்பு 18 சதவீதம். அபூர்வமும் இல்ல சாதாரணமும் இல்ல. ஆனா அக்கா அந்த ஈபிஎஃப் கேள்வி கேட்டது டாரட்டை விட நல்ல குறி.


கொழுந்து (தலவாக்கலை)

நடுவுல வர்றேன் மன்னிக்கணும். எங்க சித்தி சவூதிக்கு வீட்டு வேலைக்கு போக நிக்கிறாங்க, ஏஜென்ட் நல்லவனான்னு பாக்க என்ன ஸ்ப்ரெட் போடலாம்? எங்க பாட்டி கோடாங்கிகிட்ட கேக்கலாம்ங்குது.


பைன் மரம் (நுவரெலியா)

தம்பி அதுக்கு ஸ்ப்ரெட்டும் வேணாம் கோடாங்கியும் வேணாம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துல அந்த ஏஜென்சிக்கு லைசன்ஸ் இருக்கா, செல்லுபடியாகுதான்னு பாருங்க, சித்தியை பதிஞ்சுட்டுத்தான் அனுப்புவாங்களான்னு கேளுங்க, ஒப்பந்தம் கைக்கு வராம பாஸ்போர்ட்டை குடுக்க வேணாம்னு சொல்லுங்க. சித்திக்கு மனசு குழப்பமா இருந்து அவங்களே வந்து கேட்டா, போறதைப் பத்தி என்ன பயம், வீட்ல யார் புள்ளைங்களைப் பாப்பாங்கன்னு மூணு கார்ட் போட்டு பேசலாம். அவங்க இல்லாம அவங்க விசயத்தை நான் பாக்க மாட்டேன்.


மூடுபனி

அக்கா இன்னைக்கு கம்பனிக்கு கோல் எடுத்தேன், ஈபிஎஃப் இருக்காம், சனிக்கிழமையும் வேலையாம், இதைத்தான் முந்தி சொல்லவே இல்ல. எங்க அக்கா அவ ரூம்ல இடம் இருக்கு ஆனா வீட்டுக்காரம்மாகிட்ட கேக்கணும்ங்கிறா. இப்ப மறுபடி அதே ஸ்ப்ரெட் போடலாமா, இந்த தடவை டென் ஆஃப் வாண்ட்ஸ் வராதுல்ல?


கண்டி அக்கா

புடிக்காத கார்ட் வந்ததுக்காக மறுபடி போடுறதுன்னா வேணாம், புடிச்ச கார்ட் வர்ற வரைக்கும் போட்டுக்கிட்டே இருப்பீங்க. வீட்டுக்காரம்மா என்ன சொல்றாங்கன்னு தெரிஞ்சப்புறம் நிலைமையே வேற, அப்ப போடலாம், அதுக்கு ரெண்டு வழியும் வேணாம். "போறதுன்னா முதல் மாசத்தை எப்படி சமாளிக்கிறது"ன்னு மூணு கார்ட் போதும். அந்த ஃபோர் ஆஃப் கப்ஸ் வந்த ரீடிங்கை திகதி போட்டு கொப்பியில வச்சிருங்க, கிழிச்சுப் போட்டுராதீங்க.