நிலாவெளியில் கூடாரம் போட்டிருக்கிறோம், இன்றிரவுக்கு உதவி தேவை

திருகோணமலை உறவுகளே, வணக்கம். குடும்பமாக நிலாவெளியில், தெரிந்தவர் ஒருவரின் தென்னங்காணியில் கூடாரம் போட்டுத் தங்கியிருக்கிறோம். கச்சான் காற்று மேற்கிலிருந்து அனலாக அடிக்கிறது. மணலில் முளை நிற்கவே இல்லை. மத்தியானம் கூடாரம் சரிந்து கம்பி ஒன்று முறிந்துவிட்டது. உரப்பைகளில் மணல் நிரப்பி, கயிறு கட்டிப் புதைத்த பிறகுதான் மிச்சம் நிற்கிறது.

அதைவிடப் பெரிய கவலை மகள். வெயிலில் விளையாடியவளுக்குத் தலையிடி, சத்தி. நிழலில் கிடத்தி, ஈரத்துணியால் துடைத்து, ஜீவனி என்ற, நீரிழப்புக்குக் கொடுக்கும் உப்புத்தூள் பக்கெற் ஒன்றை ஒரு லீட்டர் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். இப்போது தெளிவாகக் கதைக்கிறாள், சலமும் போகிறது. மயக்கமோ குழப்பமோ வந்தால் உடனே 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுவோம்.

ஐஸ் உருகி, வாங்கி வைத்த மீனும் பழுதாகிவிட்டது. அது போகட்டும். அம்மம்மாவும் எங்களோடு இருக்கிறா, இந்த வெக்கையில் அவவைக் கூடாரத்துக்குள் படுக்க வைக்க மனமில்லை. நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் இன்றிரவுக்கு மின்விசிறியும் நல்ல தண்ணீரும் உள்ள, கட்டுப்படியான அறை யாருக்காவது தெரியுமா? கூடாரக் கம்பி திருத்தும் கடை ரவுணில் இருந்தால் அதையும் சொல்லுங்கள். உட்பெட்டியில் எழுதினாலும் சரி.