502 பேட் கேட்வே: ஃபோல்டருக்கு 777 கொடுத்தும் பெர்மிஷன் இல்லை என்கிறது

மின்மினி_உலா:

வணக்கம் நண்பர்களே. எங்கள் வாசகர் வட்டத்தில் இரவல் போகும் புத்தகங்களைப் பதிவு செய்ய, பைதானில் வலைச்செயலி எழுத உதவும் ஜாங்கோவில் ஒரு சின்ன செயலி எழுதினேன். யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார், எப்போது திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். லேப்டாப்பில் மூன்று வாரமாகப் பிசகில்லாமல் ஓடுகிறது. அதை உபுண்டு 22.04 சர்வரில் ஏற்ற இரண்டு இரவு உட்கார்ந்தும் பிரவுசரில் 502 பேட் கேட்வே (பின்னால் ஓடும் செயலியிடமிருந்து சரியான பதில் கிடைக்கவில்லை என்ற பிழை) தவிர எதுவும் வரவில்லை.

என் ஹோமுக்குள், அதாவது என் யூசருக்கான ஃபோல்டருக்குள், நூலகம் என்று ஒரு ஃபோல்டர். நிரல், அதற்கான பைதான் பேக்கேஜ்கள் உள்ள வெர்ச்சுவல் என்விரான்மென்ட், என்ஜின்எக்ஸும் கூனிகார்னும் பேசிக்கொள்ளும் வாசலான சாக்கெட் ஃபைல் எல்லாம் அதற்குள்தான். செயலியை ஓட்டும் கூனிகார்ன் என் யூசர் பெயரில், பின்னணி வேலைகளைக் கவனிக்கும் சிஸ்டம்டியின் சர்வீஸாக ஓடுகிறது. முன்னால், பிரவுசர்களின் கோரிக்கைகளை வாங்கும் வெப் சர்வராக, என்ஜின்எக்ஸ். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ்.

சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் போட்டால் பச்சை எழுத்தில் ஆக்டிவ் என்று காட்டுகிறது. டெர்மினலில் கர்ல் வைத்து சாக்கெட்டையே நேராகக் கேட்டால் முகப்புப் பக்கத்தின் எச்டிஎம்எல் முழுசாக வருகிறது. பிரவுசர் வழியாகப் போனால் மட்டும் 502. என்ஜின்எக்ஸ் எரர் லாக்கில் ஒவ்வொரு முறையும் இதே வரி: சாக்கெட்டின் முழுப் பாதை, அதன் பின் "ஃபெயில்ட் (13: பெர்மிஷன் டினைட்)".

பெர்மிஷன் என்று சொல்கிறதே என்று நூலகம் ஃபோல்டருக்கு உள்ளே இருப்பது அத்தனைக்கும் சேர்த்து சிஎச்மோட் 777 கொடுத்துவிட்டேன். அப்படியும் அதே 13. எல்லாருக்கும் எல்லா உரிமையும் கொடுத்த பிறகு எதுதான் தடுக்கிறது? அடுத்து ஹோமுக்கே 777 கொடுத்துப் பார்க்கட்டுமா?

இரவுப்பணி:

அவசரம் என்றால் சாக்கெட்டை விட்டுவிடுங்கள். கூனிகார்னை 127.0.0.1, போர்ட் 8000-இல் கேட்க வைத்து, என்ஜின்எக்ஸில் கோரிக்கையை எங்கே அனுப்புவது என்று சொல்லும் ப்ராக்ஸி பாஸ் வரியை அதற்கு மாற்றினால் பக்கம் வந்துவிடும். போர்ட்டுக்கு ஃபைல் பெர்மிஷன் என்ற பேச்சே கிடையாது.

கருந்திரை:

ஹோமுக்கு 777 கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம், முதலில் இதைக் கேளுங்கள்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், இதே 502-க்காக ஒருவர் ஹோமுக்கு 777 கொடுத்தார். தளம் உடனே வந்தது. நிம்மதியாக டெர்மினலை மூடிவிட்டுப் போனார். மறுநாள் எஸ்எஸ்எச்-இல் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) யாராலும் அந்த அக்கவுண்டுக்குள் போக முடியவில்லை. காரணம் இதுதான்: உங்கள் ஹோமில் மற்றவர்கள் எழுத முடியும் என்றால், அதற்குள் இருக்கும் சாவி ஃபைலையும் யாரோ மாற்றியிருக்கலாம். அதனால் எஸ்எஸ்எச் சர்வர் அந்தச் சாவியை நம்பாது. பாஸ்வேர்ட் லாகினை ஏற்கெனவே நிறுத்தி வைத்திருந்தார்கள். சர்வர் வாடகைக்கு விட்டவர்களின் கன்சோல் வழியாக உள்ளே போய்ச் சரிசெய்ய அரை நாள் ஆனது. அன்றைக்கு அந்தக் கன்சோல் பாஸ்வேர்டைத் தேடி அலைந்தவன் நான்தான்.

இனி உங்கள் 13. அடைப்புக்குள் வரும் அந்த எண் என்ஜின்எக்ஸ் சொந்தமாகச் சொல்வது இல்லை. இயங்குதளத்தின் மையமான கெர்னல் கொடுத்த விடையை அப்படியே எழுதி வைக்கிறது. 502 ஒன்றுதான், அதற்குள் ஒளிந்திருப்பது வேறு வேறு. 2 என்றால் அந்த இடத்தில் சாக்கெட்டே இல்லை. 111 என்றால் கதவு இருக்கிறது, உள்ளே கேட்க ஆள் இல்லை, அதாவது கூனிகார்ன் விழுந்துவிட்டது. 13 என்றால் என்ஜின்எக்ஸுக்கு அங்கே போக உரிமை இல்லை. நீங்கள் கர்ல் போட்டபோது போனது உங்கள் யூசர். பிரவுசர் வழியாக வரும்போது போவது என்ஜின்எக்ஸ் ஓடும் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற யூசர். ஒன்றுக்குக் கிடைத்து மற்றதற்குக் கிடைக்காததன் காரணம் அவ்வளவுதான்.

லினக்ஸில் ஒரு ஃபைலை அடைய அந்த ஃபைலுக்கு மட்டும் உரிமை இருந்தால் போதாது. வேரிலிருந்து அதுவரை வழியில் வரும் ஒவ்வொரு ஃபோல்டரிலும் நுழையும் உரிமை, அந்த எக்ஸ் என்ற எழுத்து, இருக்க வேண்டும். நீங்கள் உள்ளறைகளைத் திறந்து போட்டீர்கள், வாசற்கதவு சாத்தியே இருக்கிறது. கண்ணால் பார்க்க ஒரு கமாண்ட் இருக்கிறது: நேம்ஐ, மைனஸ் எல் போட்டு, சாக்கெட்டின் முழுப் பாதை. பாதையில் உள்ள ஒவ்வொரு படியையும் ஒரு வரியாகக் காட்டும். உங்கள் யூசர் பெயர் உள்ள வரியில் நிறுத்திப் பாருங்கள். ஆர்டபிள்யூஎக்ஸ், அதையடுத்து ஆர், கோடு, எக்ஸ், அதன்பின் மூன்று வெறும் கோடுகள் இருக்கும். அந்த மூன்று கோடுகள்தான் உங்கள் இரண்டு இரவுகள். மற்றவர்களுக்கு ஒன்றுமே இல்லை என்று பொருள்.

இது நீங்கள் செய்த தவறு இல்லை. உபுண்டு 21.04 முதல் புதிதாக உருவாகும் ஹோம் ஃபோல்டர்களுக்கு 750 தான், அதாவது நீங்கள் பார்த்த அந்த மூன்று கோடுகள்தான் கிடைக்கிறது. அதற்கு முன் 755, மற்றவர்களும் நுழையலாம். பழைய வழிகாட்டிகளில் சாக்கெட்டை ஹோமுக்குள் வைக்கச் சொல்லியிருப்பார்கள். எழுதிய காலத்தில் அது ஓடியது. எழுதியவர்கள் திரும்ப வந்து திருத்தவில்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

சாக்கெட் இருக்க வேண்டிய இடம் வேருக்குக் கீழே உள்ள ரன் என்ற ஃபோல்டர். கூனிகார்ன் சர்வீஸ் ஃபைலில், சர்வீஸ் பகுதியில், ரன்டைம்டைரக்டரி என்று ஒரு வரி சேர்த்து அதற்கு நேரே நூலகம் என்று பெயர் மட்டும் எழுதுங்கள், பாதை வேண்டாம். சர்வீஸ் எழும்பும் ஒவ்வொரு முறையும் சிஸ்டம்டியே ரன்னுக்குள் அந்த ஃபோல்டரை உங்கள் யூசர் பெயரில் உருவாக்கித் தரும். கூனிகார்ன் எங்கே கேட்க வேண்டும் என்று சொல்லும் பைண்ட், என்ஜின்எக்ஸின் ப்ராக்ஸி பாஸ் இரண்டையும் புது இடத்துக்கு மாற்றுங்கள். டீமன்-ரீலோட், கூனிகார்ன் ரீஸ்டார்ட், என்ஜின்எக்ஸ் மைனஸ் டி போட்டு கான்ஃபிக் சரியா என்று பார்த்த பிறகு ரீலோட்.

இரவுப்பணி சொன்ன போர்ட் வழியும் ஓடும், தவறில்லை. ஆனால் பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் ஃபைல்களும் உங்கள் ஹோமில்தானே இருக்கின்றன? அங்கே இதே கதவில் மறுபடி முட்டுவீர்கள்.

மின்மினி_உலா:

நன்றி அண்ணா. நேம்ஐ போட்டுப் பார்த்தேன், அந்த மூன்று கோடுகள் அப்படியே இருந்தன. சாக்கெட்டை மாற்றியதும் பக்கம் வந்துவிட்டது. ஆனால் சொன்னபடியே சிஎஸ்எஸ் இல்லாமல் வெறும் நீல லிங்குகள். ஸ்டைல் ஃபைலைத் தனியாகத் திறந்தால் 403, அனுமதி இல்லை என்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சர்வீஸ் ஃபைலைத் தொடத் தயங்கி, ரன்னுக்குள் நூலகம் ஃபோல்டரை நானே சூடோ போட்டு உருவாக்கி என் பெயருக்கு மாற்றினேன். நேற்று கெர்னல் அப்டேட்டுக்காக ரீபூட் செய்தேன், மறுபடி 502. இந்த முறை லாக்கைத்தான் முதலில் திறந்தேன். எண் 13 இல்லை, 2. போய்ப் பார்த்தால் ஃபோல்டரையே காணோம்.

கருந்திரை:

2 என்று படித்துவிட்டு ஃபோல்டரைத் தேடிப் போனீர்களே, அது எனக்கு ரொம்ப சந்தோஷம். ரன் என்பது டிஸ்க்கில் இல்லை, மெமரியில் இருக்கிறது. ரீபூட் ஆனால் கையால் உருவாக்கியது எதுவும் மிஞ்சாது. அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள், தயங்க வேண்டாம். எடிட் செய்யும் முன் ஃபைலை ஒரு நகல் எடுத்துக்கொண்டால் போதும்.

403-க்கு வருவோம். லேப்டாப்பில் ஜாங்கோவின் சோதனை சர்வரான ரன்சர்வர் ஓடியபோது டீபக் ட்ரூவாக இருந்தது, சிஎஸ்எஸ் போன்ற ஸ்டாட்டிக் ஃபைல்களை ஜாங்கோவே கொடுத்தது. சர்வரில் டீபக் ஃபால்ஸ், அதனால் கொடுக்காது. அந்த வேலை என்ஜின்எக்ஸுடையது. ஸ்டாட்டிக் ரூட்டை ஹோமுக்கு வெளியே, வார் ஃபோல்டருக்குள் டபிள்யூடபிள்யூடபிள்யூ என்பதன் கீழே ஓர் இடத்துக்கு மாற்றி, அந்த இடத்தை உங்கள் யூசருக்குச் சொந்தமாக்கி, அந்த ஃபைல்களை அங்கே சேர்க்கும் கலெக்ட்ஸ்டாட்டிக் ஓட்டுங்கள். என்ஜின்எக்ஸில் லொகேஷன் வரியில் ஸ்டாட்டிக் என்பதன் கடைசியில் சாய்கோடு இருந்தால் அலியாஸ் பாதையின் கடைசியிலும் இருக்க வேண்டும். லொகேஷனில் வைத்து அலியாஸில் விட்டால் ஃபோல்டர் பெயரும் ஃபைல் பெயரும் ஒட்டிக்கொண்டு 404, ஃபைல் இல்லை என்று வரும். அந்த ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடிக்க ஒருமுறை எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுதும் போனது.

பிறகு அந்த 777. அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். ஹோம் 750 ஆக இருந்ததால் சர்வரில் உள்ள வேறு சாதாரண யூசர் எவரும் இதுவரை உள்ளே வந்திருக்க முடியாது. நீங்கள் திட்டிய அந்த வாசற்கதவுதான் உங்கள் டேட்டாபேஸ் பாஸ்வேர்டைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனாலும் ஃபைண்ட் கமாண்டால் ஃபோல்டர்களுக்கு 755, ஃபைல்களுக்கு 644 என்று தனித்தனியாகக் கொடுங்கள். பாஸ்வேர்டும் சீக்ரெட் கீயும் உள்ள என்வ் ஃபைலுக்கு மட்டும் 600, உங்களைத் தவிர யாரும் படிக்க முடியாது. வெர்ச்சுவல் என்விரான்மென்ட்டுக்குள் ஓட்டும் உரிமை தேவைப்படும் ஃபைல்கள் இருக்கின்றன, 644 கொடுத்தால் கூனிகார்னே எழும்பாது. அதை மட்டும் அழித்துவிட்டு ரெக்வயர்மென்ட்ஸ் ஃபைலை வைத்துப் புதிதாக உருவாக்குங்கள். ஐந்து நிமிட வேலை.

ஏழாம்படி:

ரெட் ஹாட் வகை சர்வர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். அங்கேயும் 13 வரும், நேம்ஐ காட்டும் வரிகள் எல்லாம் சுத்தமாக இருக்கும், தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். தடுப்பது ஃபைல் பெர்மிஷனுக்கு மேல் இன்னொரு காவலாக நிற்கும் எஸ்ஈலினக்ஸ். கெட்என்ஃபோர்ஸ் போட்டு அது விழித்திருக்கிறதா என்று பாருங்கள், பிறகு ஆடிட் லாக். அங்கே போர்ட் வழியும் தப்பாது, எச்டிடிபிடி (வெப் சர்வர்) நெட்வொர்க்கில் போய்ப் பேசலாம் என்ற பூலியனை, அதாவது ஆன்-ஆஃப் அமைப்பை, ஆன் செய்தால்தான் விடும். எஸ்ஈலினக்ஸையே நிறுத்திவிடு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அதுவும் 777-இன் உடன்பிறப்புதான்.

மின்மினி, நீங்கள் எச்டிடிபிஎஸ் போடும்போது லாகின் பக்கத்தில் சிஎஸ்ஆர்எஃப் (வேறு தளத்திலிருந்து வரும் போலிக் கோரிக்கையைத் தடுக்கும் சோதனை) 403 வரலாம். ஜாங்கோவுக்கும் என்ஜின்எக்ஸுக்கும் நடுவில் வெறும் எச்டிடிபி தானே ஓடுகிறது? வந்தது எச்டிடிபிஎஸ் வழியாகத்தான் என்று சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ ஹெடரை என்ஜின்எக்ஸ் அனுப்ப வேண்டும், அதை நம்பும்படி செட்டிங்ஸில் செக்யூர் ப்ராக்ஸி எஸ்எஸ்எல் ஹெடர் வைக்க வேண்டும். நம்பும் தளங்களின் பட்டியலான சிஎஸ்ஆர்எஃப் ட்ரஸ்டட் ஆரிஜின்ஸ் எழுதுவதாக இருந்தால், ஜாங்கோ 4.0 முதல் எச்டிடிபிஎஸ் என்ற முன்பகுதியோடு முழுசாக எழுத வேண்டும்.

மின்மினி_உலா:

எல்லாம் செய்தாயிற்று. ரன்டைம்டைரக்டரி வரி சேர்த்து வேண்டுமென்றே இரண்டு முறை ரீபூட் செய்தேன், இரண்டு முறையும் தானாக எழும்பியது. அலியாஸில் நானும் அந்தச் சாய்கோட்டை விட்டிருந்தேன், 404 வந்ததும் நேராக அங்கேதான் போனேன். ஏழாம்படி சொன்ன ஹெடரை முதலிலேயே போட்டுவிட்டதால் லாகினில் தொல்லை இல்லை.

என்வ் ஃபைல் 600. சற்று முன் எங்கள் வட்டத்தின் மூத்த வாசகர் ஒருவர் தம் வீட்டிலிருந்தே உள்ளே வந்து முதல் இரவலைப் பதிந்தார், திருப்பித் தரும் தேதியும் சரியாக விழுந்தது. ஹோம் இன்னும் 750-லேயே இருக்கிறது.