ஆண்கள் பாலியல் தொழிலுக்கு வருவது சுகத்துக்கா, சோற்றுக்கா?

செங்கோல்:
ஆண் பாலியல் தொழிலாளர்களுக்கும் பாதுகாப்பு வேண்டும் என்று நேற்று ஒருவர் இங்கே உருகி உருகி எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. பெண் இந்தத் தொழிலுக்கு வருவது வயிற்றுப்பாட்டுக்கு. ஆண் வருவது சுகத்துக்கு, கூடவே கைச்செலவுக்கு. சட்டமே அப்படித்தான் பார்க்கிறது. பொது இடத்தில் ஆள் கூப்பிட்டால் பெண்ணுக்கு ஆறு மாதம் வரை சிறை, ஆணுக்கு மூன்று மாதம் வரைதான். பாதி!

வடசென்னைவாசி:
எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். எட்டு வருடம் எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தில் களப்பணி செய்தவன் நான். விபச்சாரத் தடுப்புச் சட்டத்தின் அந்த 8ஆவது பிரிவை முழுசாகப் படியுங்கள் ஐயா. முதல் முறை சிக்கும் பெண்ணை 500 ரூபாய்க்குள் அபராதம் போட்டு அனுப்பலாம். ஆணுக்கு அந்த வழியே கிடையாது, குறைந்தது ஏழு நாள் உள்ளே இருந்தாக வேண்டும். ஏழு நாள்!

சுகமா? எனக்குத் தெரிந்த பையன் ஒருவன், 23 வயது. பகலெல்லாம் துணிக்கடையில் நின்றபடியே வேலை. ராத்திரி ஒன்பதரைக்கு மேல் பஸ் ஸ்டாண்டு பின்பக்கம். ஊரில் அம்மாவுக்கு மாசாமாசம் பணம் போக வேண்டும். "ஆணுறை வேண்டாம், இருநூறு சேர்த்துத் தருகிறேன்" என்பான் வருகிறவன். மாசக் கடைசியில் அந்த இருநூறை வேண்டாம் என்று சொல்ல அவனால் முடியாது. மறுவாரம் என்னோடு பரிசோதனைக்கு வந்து, முடிவு வரும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இதில் சுகம் எங்கே இருக்கிறது?

செங்கோல்:
கதை நன்றாக இருக்கிறது. ஆறில் பாதி மூன்றா இல்லையா? அதைச் சொல்லுங்கள்.

மலர்விழி:
இரண்டு பேருமே பெண்களை வைத்துத்தான் கணக்குப் போடுகிறீர்கள். அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறாளாம்! அந்த ரசீது ஊரெல்லாம் தெரிந்து அவள் பிள்ளை பள்ளிக்கூடத்தில் படும் பாட்டை யார் எழுதுவது? 1956இல் சட்டம் வந்தபோது அதில் இருந்தது பெண் மட்டும்தான். 1986 திருத்தத்தில்தான் எல்லோரையும் 'நபர்' ஆக்கினார்கள். முப்பது வருடம் தனியாக அடி வாங்கியது யார்?

வடசென்னைவாசி:
அக்கா, உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. அந்த முப்பது வருடமும் ஆண்கள் மேல் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு தொங்கிக்கொண்டிருந்தது, ஆணும் ஆணும் சேர்ந்தாலே குற்றம் என்று. 2018 செப்டம்பர் 6ஆம் தேதிதான் உச்ச நீதிமன்றம் அதைத் தளர்த்தியது.

பெரியகுளத்தான்:
இதற்குப் பெயர் 'தொழில்' வேறா? கட்டட வேலைக்கு ஆள் கிடைக்காமல் வடக்கிலிருந்து கூட்டி வருகிறோம். உடம்பில் தெம்பு இருக்கிறவன் உழைக்கலாமே.

வடசென்னைவாசி:
போனானே! துணிக்கடைக்கு முன்னால் சித்தாள் வேலைக்குத்தான் போனான். நடை கொஞ்சம் பெண்ணைப் போல இருக்கிறது என்று சாரத்தில் நின்றவனெல்லாம் சீட்டியடித்தான். மூன்றாம் நாளே மேஸ்திரி கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். கோத்தி என்று சொல்லும், பெண் சாயல் உள்ள பையன்களில் பாதிப் பேர் என்னிடம் சொன்னது இந்த மாதிரிக் கதைதான். உழைக்க மனசில்லை என்று பேசாதீர்கள்.

பெரியகுளத்தான்:
தொண்டு நிறுவனத்தில் சம்பளம் வாங்கினவர் அப்படித்தான் பேசுவார். போன மாசம் மதுக்கடை விவாதத்திலும் இதே ராகம்தான்.

வடசென்னைவாசி:
மதுக்கடை விவாதத்தில் பதில் சொல்ல முடியாமல் ஓடினது நீங்கள். எனக்கு வந்த சம்பளம் பஸ்ஸுக்கும் டீக்கும் சரியாக இருந்தது.

செங்கோல்:
மூன்று மாதம்தான் என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

வடசென்னைவாசி:
ஏழு நாள் என்பதற்கு உங்களிடமிருந்தும் வரவில்லை! சரி, ஸ்டேஷனில் நடப்பதைச் சொல்கிறேன். ஒரு ராத்திரி அந்தப் பையனைக் கூட்டிவரப் போனேன். மேசை மேல் அவன் பையைக் கொட்டியிருந்தார்கள். இரண்டு ஆணுறை, பஸ் பாஸ், சீப்பு. அன்றைய காசைக் காணோம். அந்த ஆணுறை நான் கொடுத்தது. 'இதுதாண்டா சாட்சி' என்று அதைக் காட்டியே மிரட்டினார்கள். எந்தப் பிரிவும் போடவில்லை. காசு போனதோடு சரி. ஆணுறையைச் சாட்சியாக்கக் கூடாது என்று 2022 மே 19இல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டதே, அதற்கு முன்னால் எத்தனை பேர் பயந்துபோய் உறையே இல்லாமல் போனார்கள்!

மலர்விழி:
அந்த உத்தரவு வந்தது பெண்கள் வருடக்கணக்கில் போராடியதால்.

வடசென்னைவாசி:
இல்லை என்று சொன்னேனா? இன்னொன்றும் சொல்கிறேன். 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா அமலில் இருக்கிறது. அதில் 377 மொத்தமாகப் போய்விட்டது. ஆணைப் பலவந்தம் செய்தவன் மேல் போட அந்தப் பிரிவுதான் இருந்தது. வன்புணர்ச்சிப் பிரிவில் பாதிக்கப்பட்டவர் பெண் மட்டும்தான். நாளைக்கு அந்தப் பையனை ஒருவன் அறைக்குக் கூப்பிட்டு, அங்கே நாலு பேர் காத்திருந்தால், அடித்ததற்கு வேண்டுமானால் வழக்குப் போடலாம். நடந்தது எதுவோ அதற்குப் பிரிவே இல்லை. இப்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டு போய் எல்லாம் செல்போன் செயலிக்கு வந்துவிட்டது. போகிற அறையில் யார் இருக்கிறார்கள் என்பதே தெரியாது.

பெரியகுளத்தான்:
தெரியாத இடத்துக்கு ஏன் போக வேண்டும்?

வடசென்னைவாசி:
வாடகைக்கு.

செங்கோல்:
எவ்வளவு சுற்றினாலும் ஆறில் பாதி மூன்றுதான்.

வடசென்னைவாசி:
ஏழு நாள். அந்த வரியை அப்படியே தட்டச்சு செய்து போடுகிறேன், இருங்கள்.